யாழ்ப்பாண வீட்டில் 40 லீற்றர் பவளத் தொட்டி

நன்னீர் மீன்தொட்டி வைத்துப் பழகியவர்கள் பவளத் தொட்டிக்கு வரும்போது முதலில் கேட்பது, எந்த மீன் விடலாம் என்பதைத்தான். மீன் கடைசியில் வரும். முதல் இரண்டு மாத வேலையும் தண்ணீரோடுதான். யாழ்ப்பாணத்தில் அந்த வேலை கொஞ்சம் கூடுதல். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் நைத்திரேற்றும் அதிகம், சித்திரை வைகாசியில் வீட்டுக்குள்ளேயே வெக்கை, அது தணியுமுன் தென்மேற்குக் காற்றான சோளகம் அடித்துத் தொட்டித் தண்ணீரை உறிஞ்சும். இந்த மூன்றுக்கும் முன்கூட்டியே வழி செய்து வைத்தால் மிச்சம் சுலபம்.

தொட்டியும் இடமும்

நீளம் 45, அகலம் 30, உயரம் 30 செ.மீ., கண்ணாடி 6 மி.மீ. விளிம்பு வரை நிரப்பினால் 40 லீற்றர். மேலே 3 செ.மீ. விட்டு, மணலும் கல்லும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் உள்ளே நிற்பது ஏறக்குறைய 30 லீற்றர் தண்ணீர்தான். உப்போ மருந்தோ எதைப் போட்டாலும் கணக்கு 30 லீற்றருக்கு. வெளியே ஒட்டியிருக்கும் 40 என்ற எண்ணுக்குப் போட்டால் ஒவ்வொரு முறையும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இதைவிடச் சின்னத் தொட்டியும் கடைகளில் கிடைக்கும். முதல் தொட்டியாக அதை வாங்காதீர்கள். 10 லீற்றரில் ஒரு நத்தை செத்தாலே விடியுமுன் அமோனியா ஏறிவிடும்.

நிரப்பிய தொட்டி 50 கிலோ அளவில் இருக்கும். மரத்தூள் பலகையில் செய்த ரீவி ஸ்ராண்ட் உப்புத் தண்ணீர் பட்டால் ஊதிப் பிளக்கும். நல்ல மர மேசை அல்லது பெயின்ற் அடித்த இரும்புச் சட்டம் எடுங்கள். அடியில் 1 செ.மீ. ரப்பர் அல்லது ஃபோம் விரிப்பு, மேலே ரசமட்டம் வைத்துச் சரிபார்ப்பு. விறாந்தை வேண்டாம், வெயிலும் புழுதியும் வரும். குசினி வேண்டாம், தாளிப்புப் புகையில் உள்ள எண்ணெய் தண்ணீரின் மேல் படலமாகப் படியும். மேற்கு ஜன்னல் இல்லாத, ஆட்கள் நடமாடும் உள்ளறைச் சுவரோரம் சரி.

சாமான்கள் அதிகம் இல்லை. மணிக்கு 300 முதல் 400 லீற்றர் தள்ளும் தொங்கு ஃபில்டர் ஒன்று. உள்ளே நீரோட்டம் உண்டாக்க, 600 முதல் 1000 லீற்றர் தள்ளும் சின்ன வேவ் மேக்கர் ஒன்று. நீல ஒளி கூடிய 20 முதல் 30 வாற் எல்.ஈ.டி. விளக்கும் அதற்கு ரைமரும். 12 வோல்ட் கம்பியூட்டர் ஃபான், வெப்பமானி. உப்பளக்க ரிஃப்ராக்டோமீற்றர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு, தாதுக்களின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீற்றர், அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று, பொஸ்பேற்று, காரத்தன்மை ஆகியவற்றுக்கான பரிசோதனைக் கிட்கள். புரதம் நுரைத்தெடுக்கும் ஸ்கிம்மர் இந்த அளவுக்குத் தேவையில்லை, வாரத் தண்ணீர் மாற்றம் அந்த வேலையைச் செய்யும். அதற்கு வைத்திருக்கும் காசை நல்ல ரிஃப்ராக்டோமீற்றரில் போடுங்கள். ஊசி ஆடும் பிளாஸ்டிக் உப்புமானியில் ஒரு காற்றுக் குமிழி ஒட்டினாலே அளவு பிழைக்கும்.

தண்ணீர்

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. நிலத்தடியில் இருப்பது சுண்ணக்கல் பாறைக்குள் ஊறிய மழைநீர். அது பாறையைக் கரைத்துக்கொண்டு வரும், தோட்டக் காணிகளில் போடும் யூரியாவும் எருவும் நைத்திரேற்றாக அதில் இறங்கும், கரையோரங்களில் உவரும் சேரும். குடிக்க ருசியாக இருக்கிற கிணறு என்பதால் தொட்டிக்கு நல்லது என்று ஆகாது. அந்தத் தண்ணீரில் தொடங்கினால் முதல் மாதமே கல்லெல்லாம் பச்சை மயிர்ப்பாசி மூடும்.

ஆகவே ஆர்.ஓ., அதாவது நுண்சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிக்கும் இயந்திரம், வேண்டும். ஆனால் ஆர்.ஓ. மட்டும் போதாது. சவ்வு 95 முதல் 98 சதவீதம் வரை பிடிக்கும் என்று வைத்தால், டி.டி.எஸ். 800 உள்ள கிணற்று நீர் 16 முதல் 40 வரையில்தான் வெளியே வரும். அந்த மிச்சத்தில் நைத்திரேற்றும் இருக்கும், ஏனென்றால் சவ்வு மற்ற உப்புகளைப் பிடிக்கிற அளவுக்கு நைத்திரேற்றைப் பிடிப்பதில்லை. சவ்வுக்குப் பின்னால் அயன் நீக்கும் ரெசின் குழாய் ஒன்றைப் பூட்டினால் மீற்றர் 0 காட்டும். 5க்கு மேல் ஏறத் தொடங்கினால் ரெசின் மாற்றும் காலம். கழிவாக வரும் தண்ணீர் எடுக்கும் நீரைப்போல மூன்று நான்கு மடங்கு இருக்கும், அதைத் தென்னைக்கு விடலாம்.

இயந்திரம் வாங்க வசதியில்லை என்றால் இரண்டு வழி. 20 லீற்றர் குடிநீர்ப் போத்தல்களை மீற்றர் வைத்துப் பாருங்கள். சில இடத்துத் தண்ணீர் மிகக் குறைவாகக் காட்டும், சில இடத்தில் ருசிக்காகத் தாதுக்களைத் திரும்பச் சேர்ப்பார்கள். 10க்குக் கீழே என்றால் தொடங்கலாம், ஒவ்வொரு போத்தலையும் அளக்க வேண்டும். மற்றது மாரி மழை. குடாநாட்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீரும். மழை தொடங்கி அரை மணி நேரம் கழித்து, முற்றத்தில் கட்டிய சுத்தமான பொலித்தீன் விரிப்பிலிருந்து பிளாஸ்டிக் கொள்கலனில் பிடியுங்கள். கூரை நீர் வேண்டாம், காக்கை எச்சமும் சீமெந்துக் காரமும் வரும். பிடித்ததை ஃபில்டருக்கென விற்கும் கார்பன் கரி வழியாக வடித்து, மூடி, இருட்டில் வையுங்கள்.

செம்பும் பித்தளையும் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. செம்புக் குடத்தில் வைத்த தண்ணீர், பித்தளைக் குழாய் வழியாகச் சொட்டிய தண்ணீர் எதுவும் வேண்டாம். மனிதருக்குக் கேடு செய்யாத அளவு செம்பு இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும்.

உப்பு

பக்கத்தில் ஆனையிறவு உப்பளம் இருக்க, உப்பை ஏன் ரின்னில் வாங்க வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. காரணம் உப்பளத்திலேயே இருக்கிறது. கடல்நீர் பாத்தியில் வற்றும்போது முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படியும், கல்சியம் அங்கேயே போய்விடும். பிறகு கறியுப்பு விளையும். மக்னீசியமும் பொற்றாசியமும் மிஞ்சும் கசப்பு நீரோடு வடித்து விடப்படும். நமக்கு நல்ல கறியுப்புத் தருவதற்காக எதையெல்லாம் நீக்குகிறார்களோ அவைதான் பவளத்துக்கு எலும்பும் உயிரும். கறியுப்பைக் கரைத்தால் உப்பளவு சரியாகக் காட்டும், உள்ளே எந்த உயிரும் வாழாது. பவளத் தொட்டிக்கென விற்கும் கடலுப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும்.

ஒரு லீற்றருக்கு 36 முதல் 38 கிராம் வரை போகும், 30 லீற்றருக்கு 1.1 கிலோ அளவில். கம்பனிக்குக் கம்பனி கொஞ்சம் மாறும். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு சிறிது சிறிதாக உப்பு, கூடவே பம்ப் ஓட வேண்டும். உப்பைப் போட்டுவிட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் செறிவு கூடி, கல்சியமும் காரமும் ஒன்றோடொன்று சேர்ந்து வெள்ளை மாவாகப் படிந்துவிடும். படிந்தது திரும்பக் கரையாது, அந்தத் தண்ணீரைக் கொட்டத்தான் வேண்டும். இரவு முழுக்க ஓடவிட்டுக் காலையில் அளந்தால் ஆயிரத்துக்கு 35, ஒப்படர்த்தியில் 1.025 முதல் 1.026 காட்ட வேண்டும். தொட்டிக்குள்ளே நேரே உப்புப் போடுவது முதல் நாள் தவிர வேறு எந்த நாளிலும் இல்லை.

ரிஃப்ராக்டோமீற்றரை வெறும் தூய நீரில் 0 பார்த்துவிட்டு நம்பாதீர்கள், மேலே போகப் போகப் பிழை கூடும் கருவிகள் உண்டு. இங்கேதான் கறியுப்பு உதவுகிறது. அயடீன் சேராத, ஈரமில்லாத உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் தூய நீரில் கரைத்தால், அந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீற்றரில் 35 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருகாணியைத் திருப்பி 35க்குக் கொண்டு வாருங்கள். கரைசலை இறுக மூடிய போத்தலில் வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள்.

கடல்நீரே எடுக்கலாமா? எடுக்கலாம், ஆனால் எல்லாக் கடலும் அல்ல. யாழ்ப்பாணக் கடலேரி ஆழமில்லாதது. மாரியில் உப்புக் குறையும், கோடையில் ஏறும், ஊர்க் கழிவும் வரும். அது ஆகாது. பருத்தித்துறை முதல் கீரிமலை வரையான திறந்த வடகடலில், துறைமுகமும் படகு நிறுத்தும் இடமும் கழிவு வாய்க்காலும் இல்லாத கரையில், நாலைந்து நாள் மழையில்லாத பிறகு எடுக்க வேண்டும். வாடைக் காலத்தில் வேண்டாம். வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் அப்போது தெற்கே இறங்கி வரும், மழையும் கூடவே சேரும். எடுத்த நீரைத் துணியில் வடித்து, கறுப்புக் கொள்கலனில் மூடி, சின்னப் பம்ப் ஓடவிட்டு இரண்டு வாரம் இருட்டில் வையுங்கள். மிதக்கும் உயிர்கள் செத்து, அழுகி, அந்த அமோனியாவும் தீர்ந்து தெளியும். பிறகு உப்பளவும் அமோனியாவும் பார்த்துப் பயன்படுத்தலாம். முதல் தொட்டிக்கு உப்புக் கலவையையே எடுங்கள். பிழை வந்தால் எங்கே வந்தது என்று கண்டுபிடிப்பது சுகம்.

கல், மணல், சட்டம்

கடலிலிருந்து பவளம், உயிர்க்கல் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்கல்), பவளத் துண்டு எதையும் எடுத்துவரக் கூடாது. கரையில் ஒதுங்கியது, வலையில் வந்தது என்றாலும் விட்டுவிடுங்கள். இலங்கையில் பவளங்கள் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காப்பில் இருப்பவை. கற்பவளங்கள் எல்லாம், அருகும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பிலும் இருப்பதால் எல்லை தாண்டினால் பத்திரம் வேண்டும். நம் வடகரைப் பவளத்திட்டுகள் ஏற்கெனவே வெப்பத்தாலும் வலையாலும் அடிபட்டவை. விற்பவர் தொட்டியில் வெட்டி வளர்த்த துண்டா, உரிமத்தோடு வந்ததா என்று கேட்டு, பற்றுச்சீட்டோடு வாங்குங்கள். கேள்விக்குப் பதில் தராதவரிடம் வாங்க வேண்டாம்.

கல்லுக்கு, கடைகளில் கிடைக்கும் உலர்ந்த அரகோனைற் கல் அல்லது சுட்ட செராமிக் கல் 4 கிலோ போதும். கிணறு வெட்டும்போது வரும் நம் ஊர்ச் சுண்ணக்கல்லும் அதே கல்சியம் காபனேற்றுத்தான். பொந்து பொந்தாக இருப்பதாகப் பார்த்து எடுக்கலாம், ஆனால் தோட்டக் காணிக் கல் வேண்டாம், உரமும் பூச்சிமருந்தும் ஊறியிருக்கும். மற்ற இடத்துக் கல்லைச் செம்மண் போகப் பிரஷ் போட்டுத் தேய்த்து, ஆர்.ஓ. நீரில் ஆறு வாரம் ஊறவைத்து, வாரம் ஒருமுறை நீர் மாற்றி, கடைசி வாரத்து நீரில் பொஸ்பேற்று அளந்து பாருங்கள். 0.1க்கு மேல் காட்டினால் அந்தக் கல்லை விட்டுவிடுங்கள்.

மணல் 1 முதல் 2 மி.மீ. பருமன் கொண்ட அரகோனைற், 2.5 செ.மீ. உயரத்துக்கு 5 கிலோ. கசூரினா கடற்கரை மணலோ மணற்காட்டு மணலோ வேண்டாம், நுண்மணல் வேவ் மேக்கரில் பறந்து பவளத்தின் மேல் படியும். கல்லை முதலில் கண்ணாடி மேல் ஊன்றி வைத்து, சுப்பர் குளூ ஜெல்லும் எபொக்சியும் கொண்டு இறுக்கி, பிறகு சுற்றி மணல் போடுங்கள். மணல் மேல் வைத்த கல்லின் அடியை நண்டு தோண்டினால் கல் சரிந்து கண்ணாடியில் விழும். நாலு பக்கமும் கை போகும் அளவு, 5 செ.மீ. இடைவெளி விடுங்கள், கண்ணாடி துடைக்க அது வேண்டும்.

நுண்ணுயிர் ஊறும் காலம்

தண்ணீர் விட்டவுடன் தொட்டி தயாராகாது. மீன் கழிவில் வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதை நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்ரீரியா கல்லில் குடியேற 3 முதல் 6 வாரம் வேண்டும். அவற்றுக்கு முதல் உணவை நாம் தரவேண்டும்.

தூய நவச்சாரம், அதாவது அமோனியம் குளோரைட், கிடைத்தால் மிகவும் நல்லது. ஈயம் பூசுபவர்களிடம் இருக்கும் நவச்சாரத்தில் உலோகம் கலந்திருக்கும், ஆய்வுகூடத் தரம் கேளுங்கள். 2 கிராமை 100 மி.லீ. ஆர்.ஓ. நீரில் கரைத்து, அதில் 10 மி.லீ. தொட்டியில் விட்டால் 30 லீற்றரில் அமோனியா 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்கு வரும். அது கிடைக்காவிட்டால் பெருவிரல் அளவு பச்சை இறாலைச் சின்ன வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டு, அமோனியா 2 தொட்டவுடன் எடுத்துவிடுங்கள். முழுதாக அழுகவிட்டால் பொஸ்பேற்று மிஞ்சும். போத்தலில் விற்கும் பக்ரீரியா சேர்த்தால் நாள் குறையும்.

இந்தக் காலம் முழுக்க விளக்கு வேண்டாம், பம்ப் நிற்கக்கூடாது. அமோனியா இறங்க நைத்திரைற்று ஏறும், அது இறங்க நைத்திரேற்று தெரியும். நைத்திரைற்று உயர்ந்திருக்கும்போது நைத்திரேற்றுக் கிட் பொய்யாகக் கூட்டிக் காட்டும், அந்த நேரம் அதைப் பார்க்கவே வேண்டாம். 2 பி.பி.எம். அமோனியா விட்டு 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் 0 ஆனால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு விளக்கைப் போடுங்கள். விளக்கு வந்த இரண்டாம் வாரம் கல்லிலும் மணலிலும் மண்ணிறத் தூள்பாசி வரும். அது சிலிக்கா உண்ணும் டயற்றம், வந்த வழியே போகும். அதைக் கண்டு மருந்து ஊற்றித் தொட்டியைக் கெடுத்தவர்கள் நிறைய.

வெக்கையும் சோளகமும்

30 லீற்றரில் 1 லீற்றர் ஆவியானால் உப்பு 35இலிருந்து 36.2க்கு ஏறும். மூன்று நாள் கவனிக்காமல் 3 லீற்றர் போனால் 38.9. சோளகக் காலத்தில், ஃபான் ஓடும் தொட்டியில் ஒரு நாளைக்கு 1 லீற்றர் போவது சாதாரணம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். ஆகவே குறைந்த அளவுக்கு எப்போதும் ஆர்.ஓ. நன்னீர்தான் விடவேண்டும், உப்புநீர் அல்ல. தொடக்கத்தில் அதிகம் பேர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான்.

பின்பக்கக் கண்ணாடியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, காலையும் மாலையும் அந்தக் கோட்டுக்கு நிரப்புங்கள். மிதப்பு வால்வு பூட்டித் தானாக நிரப்புவது இன்னும் நல்லது. ஆனால் வால்வு ஒருநாள் சிக்கும். தொட்டியின் மேல் விட்ட 3 செ.மீ. இடம் ஏறக்குறைய 4 லீற்றர் தாங்கும், ஆகவே நிரப்பும் போத்தல் 3 லீற்றருக்கு மேல் இருக்க வேண்டாம். முழுதும் ஒரேயடியாக இறங்கினாலும் தரையில் வழியாது, உப்பும் 31.8க்குக் கீழே போகாது.

வெப்பம் 25 முதல் 28 பாகை செல்சியஸ் நல்லது. எங்கள் கோடையில் 28, 29இல் நிலையாக நிற்பது ஒரே நாளில் 26க்கும் 31க்கும் இடையில் ஆடுவதைவிட மேல். 30ஐத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பவளம் தன் உடலுக்குள் வாழும் பாசியை வெளியே தள்ளி வெளுக்கும். 1998இல் இலங்கைப் பவளத்திட்டுகள் பரவலாக வெளுத்ததும் கடல் சூடேறித்தான். ஃபானை நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக ஊதவிட்டால் 2, 3 பாகை இறங்கும், புழுக்கமான மாரி நாட்களில் அவ்வளவு இறங்காது. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி வைத்து 27.5இல் ஓடி 27இல் நிற்கச் செய்யுங்கள், இல்லாவிட்டால் இரவில் வீணாகத் தண்ணீர் வற்றும். தொட்டிக்குக் கண்ணாடி மூடி வேண்டாம், மீன் பாயாமல் இருக்க வலை மூடி போடுங்கள். விளக்கைப் பகல் உச்சியில் எரிக்காமல் மாலை 3 முதல் இரவு 11 வரை வையுங்கள், நீங்கள் பார்க்கும் நேரமும் அதுதான். வெக்கை மீறிய நாளில் 250 மி.லீ. ஐஸ் போத்தல் ஒன்றைத் தொட்டியில் மிதக்கவிட்டால் 1 பாகை அளவு இறங்கும். அரை லீற்றர் போத்தல் ஒரேயடியாக 2 பாகையை இறக்கிவிடும், அது வேண்டாம். ஹீற்றர் மார்கழி, தை இரவுகளுக்கு 25 வாற் ஒன்று இருந்தால் போதும், இல்லாமலும் சமாளிக்கலாம்.

உயிர்கள்

முதலில் பாசி மேயும் நத்தை மூன்று நான்கு, ட்ரோக்கஸ் அல்லது செரித் வகை. இரண்டு வாரம் அவை நன்றாக இருந்தால் மென்பவளம். காளான் பவளம் அடியில், ஒளி குறைந்த பக்கம். சோவாந்தஸ் நடுக்கல்லில். பச்சை நட்சத்திரப் பொலிப் அழகானது, ஆனால் மற்ற எல்லாவற்றையும் மூடும், அதைத் தனிக் கல்லில் மணல் நடுவே தள்ளி வையுங்கள். கடினப் பவளங்களுக்கு ஆறு மாதம் போகட்டும். கடல் அனிமோன் இந்தத் தொட்டிக்கு ஆகாது. அது நடந்து போய் வேவ் மேக்கரில் சிக்கினால் தொட்டி முழுவதும் ஒரே இரவில் போகும்.

சோவாந்தஸ், பலித்தோவா வகைகளில் பலிரொக்சின் என்ற கடும் நஞ்சு இருக்கலாம். வெட்டும்போதும் ஒட்டும்போதும் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். கையில் காயம் இருந்தால் அன்றைக்குத் தொட வேண்டாம். அவை ஒட்டிய கல்லை ஒருபோதும் கொதிநீரில் போடாதீர்கள், அந்த ஆவியைச் சுவாசித்து வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போன சம்பவங்கள் வெளிநாடுகளில் உண்டு.

மீன் ஒன்று, அல்லது தொட்டியில் பொரித்து வளர்த்த ஒசெலாரிஸ் கோமாளி மீன் சோடி ஒன்று. அதற்கு மேல் இல்லை. அந்த ஒரு மீனாகக் கோபியை எடுப்பதும் நல்ல தேர்வு. டாம்செல் சின்னதாக இருக்கும், வளர்ந்தால் மற்றதைக் கடிக்கும். டாங் வகைக்கு மீற்றர் கணக்கில் நீந்த இடம் வேண்டும். விற்பவர் என்ன சொன்னாலும் அவை இரண்டும் இதற்குள் வேண்டாம்.

கொழும்பிலிருந்து வரவழைத்தால், பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மிச்சம் ஒட்சிசன், வெளியே றெஜிபோம் பெட்டி என்று சொல்லிக் கட்டுங்கள். பகல் பஸ்ஸைவிட இரவுப் பயணம் நல்லது. வந்ததும் பையை மூடியபடி 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். திறந்த பிறகு வேகமாகச் செய்ய வேண்டும். பயணத்தில் பைக்குள் அமோனியா சேர்ந்திருக்கும், கூடவே சேர்ந்த கரியமில வாயு பி.எச்.சை இறக்கி அந்த அமோனியாவை அடக்கி வைத்திருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பி.எச். ஏறி, அமோனியா நஞ்சாகும். சொட்டுச் சொட்டாக விட்டு 30 நிமிடத்துக்குள் முடித்து, மீனை மட்டும் எடுத்து விடுங்கள், பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது. பவளங்களை ஒட்டுண்ணி நீக்கும் கரைசலில் கடை சொல்லும் நேரம் முக்கி, தொட்டி நீரில் அலசி வையுங்கள். விளக்கு முதலில் 40 சதவீதத்தில், நாலு வாரத்தில் மெல்ல ஏற்றவும்.

வார வேலை

வாரம் ஒருமுறை 3 லீற்றர் மாற்றம், அதே உப்பு, அதே வெப்பம். சின்னத் தொட்டியின் பெரிய வசதி இதுதான், ஒரு வாளியில் முடியும். ஃபில்டர் பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை, எடுத்த பழைய உப்புநீரில் அலசுங்கள். கண்ணாடி துடைக்க முன் கையை முழங்கை வரை வெறும் நீரில் கழுவுங்கள். தேங்காயெண்ணெய், தைலம், சோப் எதுவும் இருக்கக்கூடாது.

நைத்திரேற்று 2 முதல் 10, பொஸ்பேற்று 0.03 முதல் 0.1, காரத்தன்மை 8 முதல் 9 டி.கே.எச். இந்த அளவுகளில் நின்றால் போதும். காரம் இறங்கினால் அப்பச் சோடா கைகொடுக்கும். 30 லீற்றரில் 1 டி.கே.எச். ஏற்ற 0.9 கிராம். ஆர்.ஓ. நீரில் கரைத்து, நீரோட்டம் உள்ள இடத்தில் மெல்ல விடுங்கள், ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு, அதில் அமிலமும் மாவும் உண்டு.

பிழைப்பவை

பவளம் திடீரென்று சுருங்கினால் முதலில் உப்பு, பிறகு வெப்பம், பிறகு காரம் என்ற வரிசையில் பாருங்கள். பெரும்பாலும் முதல் இரண்டுக்குள் காரணம் அகப்படும்.

சிவப்பு வெல்வெட் துணி போல மணலை மூடினால் அது சயனோபக்ரீரியா. நீரோட்டம் எட்டாத மூலையிலும் தீனி மிஞ்சும் இடத்திலும் வரும். உறிஞ்சி எடுத்துவிட்டு வேவ் மேக்கரைத் திருப்புங்கள். மண்ணிறச் சளி நூலாகத் தொங்கி, அதில் காற்றுக் குமிழிகள் நின்று, இரவில் குறைந்து பகலில் கூடினால் அது டைனோபிளாஜெலேற். இது வேறு விதம். நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் 0 ஆகிப் போன தொட்டிகளில்தான் அதிகம் வரும், ஆகவே தண்ணீர் மாற்றத்தைக் கூட்டினால் மோசமாகும். மாற்றத்தை நிறுத்தி, தீனியைக் கொஞ்சம் கூட்டி, அந்த இரண்டையும் மேலே சொன்ன அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

கல்லில் கண்ணாடி போன்ற சின்ன அனிமோன் முளைத்தால் அது அய்ப்டேசியா. வெட்டாதீர்கள், ஒவ்வொரு துண்டும் புதிதாக முளைக்கும். வாசனையும் நிறமும் சேராத நீற்றுச் சுண்ணாம்புத் தூளை ஆர்.ஓ. நீரில் பசையாகக் குழைத்து, பம்பை நிறுத்தி, ஊசியில்லாச் சிரிஞ்சியால் வாயில் வையுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று இரண்டு மட்டும், சுண்ணாம்பு பி.எச்.சைத் தூக்கும்.

நுளம்பு மருந்து பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்பிரேயிலும் பல கொயில்களிலும் இருக்கும் பைரித்ரொயிட் இறாலுக்கும் நண்டுக்கும் மிகச் சிறு அளவிலேயே நஞ்சு, மீனுக்கும் அப்படியே. தொட்டி இருக்கும் அறையில் அவை வேண்டாம், வலை கட்டுங்கள். மாரியில் டெங்குப் புகையடிக்க வந்தால் ஜன்னல்களை மூடி, தொட்டியை ஈரத் துணியால் போர்த்தி, ஃபானையும் காற்றுப் பம்பையும் நிறுத்தி, புகை போன பின் திறந்து கார்பன் புதிதாகப் போடுங்கள். பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் மருந்தடிக்கும் நாளிலும் இதே வேலைதான்.

கறண்ட் நின்றால்

வயர்கள் எல்லாம் சொக்கட்டைவிடக் கீழே தொங்கி மேலேறட்டும், ஒழுகும் நீர் வளைவில் சொட்டிவிடும். மல்ரிபிளக்கைத் தொட்டிக்குக் கீழே வைக்காதீர்கள். வீட்டில் ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று அதன் பொத்தானை அழுத்திப் பாருங்கள். தொட்டிக்குள் கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள்.

ஒரு மீன் உள்ள தொட்டி இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டமில்லாமல் தாங்கும். 2022 மார்ச் கடைசியில் வந்ததைப் போல 13 மணி நேரம் நின்றால் தாங்காது. யூ.எஸ்.பி.யில் ஓடும் காற்றுப் பம்பும் பவர் பாங்க் ஒன்றும் எப்போதும் சார்ஜில் இருக்கட்டும். 12 வோல்ட் ஃபானை மோட்டார் சைக்கிள் பற்றரியிலேயே ஓட்டலாம். வெக்கை நாளில் காற்றுப் பம்பைவிட அதுதான் முதலில் வேண்டும். கறண்ட் திரும்ப வரும்வரை தீனி போடாதீர்கள்.

நாலைந்து நாள் கொழும்புக்கோ திருவிழாவுக்கோ போவதென்றால் மீனுக்குத் தீனி பிரச்சினையே இல்லை, வளர்ந்த மீன் தாங்கும். பார்க்கும் ஆளிடம் தீனி டப்பாவைக் கொடுக்காதீர்கள், அன்பால் அள்ளிப் போட்டுவிடுவார்கள். ஒரு நாளைக்கு ஒன்று என்று 1 லீற்றர் போத்தல்களில் ஆர்.ஓ. நீர் நிரப்பி, மேலே கிழமையை எழுதி வரிசையாக வையுங்கள். மார்க்கர் கோட்டைக் காட்டி, அதற்கு மேல் போகாமல் அன்றைய போத்தலை ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் கோட்டைவிட இரண்டு விரல் கீழே போனாலோ, பம்ப் சத்தம் நின்றாலோ உடனே ஃபோன் எடுக்கச் சொல்லி, வேவ் மேக்கரின் பிளக் எது என்று அதில் நாடா ஒட்டிவிட்டுப் போங்கள்.